மே மாதப் பச்சை புல் அல்ல

ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்கா முழுக்கப் புல்வெளிகள் எவ்வளவு சுருங்கின என்பதை இன்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டுதான் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் நேரும் ஒரு பிழை கடலூர் மாவட்டத்து மேய்க்கால் புறம்போக்கிலும் (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) அப்படியே நேரும்.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு வரும். அது ஏறினால் நிலம் தேறிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். சீமைக் கருவேலம் புகுந்தாலும் அது ஏறத்தான் செய்யும். குஜராத்தின் பன்னி புல்வெளியில் 1960களிலும் கென்யாவின் பரிங்கோவில் 1980களிலும் வலியக் கொண்டுவந்து நட்ட மரம் இது. இரண்டு இடத்திலும் மேய்ச்சல் நிலத்தில் பெரும் பரப்பை முள் பிடித்துக்கொண்டது.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த புல் ஜனவரியில் பச்சையாக நிற்கும், மே மாதம் வெளிறிவிடும். கருவேலத்தின் வேர் ஆழத்து ஈரத்தைத் தொடுவதால் கத்திரி வெயிலிலும் அது பச்சைதான். ஆகவே ஜனவரிப் படமும் மே படமும் சேர்ந்தே வேண்டும். நவம்பர், டிசம்பர் படங்களில் மேகம்தான் மிஞ்சும்.

கண்டங்களை அளக்கும் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படத்தில் ஒரு புள்ளி 250 மீட்டர் சதுரம், அதாவது 15 ஏக்கருக்கு மேல். சிறிய மேய்க்கால் அதற்குள் காணாமல் போய்விடும். நமக்கு 10 மீட்டர் புள்ளி கொண்ட சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் சரிப்படும், அதுவும் இலவசம். நெல் தரிசில் விதைத்த உளுந்தும் ஜனவரியில் பச்சை, மே மாதம் வெறுமை என்றே தெரியும் என்பதால், 'அ' பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டின் சர்வே எண்களையும் நில எல்லை காட்டும் புலப்படத்தையும் வைத்து மேய்க்காலை முதலில் வரைந்துகொள்ள வேண்டும். மழைக் கணக்கும் பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளத்தை அடுத்து வந்த 2016 ஜனவரியையும் பருவமழை பொய்த்த பின் வந்த 2017 ஜனவரியையும் வெறுமனே ஒப்பிட்டால், ஒரே ஆண்டில் புல்வெளி அழிந்துவிட்டதாகத் தோன்றும்.

படத்தில் புல்லின் இனம் தெரியாது, அதற்குக் களத்தில் இறங்கியே ஆக வேண்டும். 50 மீட்டர் டேப்பை இழுத்துக் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முறை மெல்லிய கம்பியைச் செங்குத்தாக இறக்குங்கள். நுனி தொடுவது அருகா, கொழுக்கட்டைப்புல்லா, ஆவாரையா, பார்த்தீனியமா, சருகா, வெறும் மண்ணா என்று குறியுங்கள். நூறு புள்ளி என்பதால் எண்ணிக்கையே சதவீதம். தடித்த கம்பி என்றால் புல் இருப்பதைவிடக் கூடுதலாகக் கணக்கில் விழும். குனிந்து பார்த்தபடி இறக்கினால் கை தானாகவே புல் குத்தைத் தேடிப் போகும் (யார் கையாக இருந்தாலும் சரி). பாதையோரம் ஆரம்பிப்பதும் தவறு, அங்கே மிதிபட்ட மண்தான் கிடைக்கும். மொத்தப் பச்சை மாறாமல் அருகு குறைந்து ஆவாரை கூடுகிறதென்றால், மேய்ச்சல் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள். ஆடு ஆவாரையை ஒதுக்கிவிட்டுத்தான் மேயும்.

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்துள்ளது. கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1 ஆகிய இரு நாட்களும் அளவெடுக்க வேண்டிய பருவத்திலேயே வருகின்றன. இவ்விரு கூட்டங்களிலும் அந்தந்த ஊர் மேய்க்காலின் நூறு புள்ளிக் கணக்கை வாசித்துப் பதிவு செய்ய மாவட்ட நிர்வாகம் ஊராட்சிகளுக்கு உத்தரவிட வேண்டும்.

தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்,
கடலூர்