டாக்டர் கேட்கும் தாளைப் பள்ளிக்கூடம் நிரப்பித் தரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அலைந்து, இப்போதுதான் ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் எங்களுக்குப் பெரிய சிரமம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளை நிரப்பி வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. குமரி மாவட்டத்தில் இன்னும் பல பெற்றோர் இதே இடத்தில் முட்டி நிற்கிறார்கள் என்பது, டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது பேசிப் பார்த்ததில் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று பல பேரிடம் கேட்டுத்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார். அறிகுறிகளில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால் படிப்போ பழக்கமோ பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் நடப்பதை நான் சொல்லிவிடுவேன். வகுப்பில் நடப்பதை டீச்சர்தானே சொல்ல முடியும்? அதற்காகத்தான் ஒரு கேள்வித்தாள் கொடுத்து அனுப்புகிறார்கள். தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிறாளா, பேசும்போது காதில் வாங்காதது போல இருக்கிறாளா, பொருட்களைத் தொலைக்கிறாளா என்று வரிசையாகக் கேள்விகள். எதிரே ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி என்று கட்டங்கள்.

என் மகளின் தாள் திரும்பி வந்தபோது, 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டிருந்தது. அவளுடைய கணக்கு நோட்டில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் முதல் இரண்டு கணக்கு சரியாக இருக்கும், மூன்றாவது நடுவழியில் நிற்கும், மீதி வெறும் பக்கம். அந்த வெறும் பக்கத்தில் 'முடிக்கவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அதே டீச்சர்தான். நேரில் போய்க் கேட்டேன். "தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது. எதுக்கு டாக்டர்கிட்ட கொண்டு போறீங்க? பொம்பளப் பிள்ளை, நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வரும்போது வீண் பேச்சு" என்றார். நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆனால் பெண் பிள்ளைகள் பலரிடம் ஓட்டமும் துள்ளலும் இருக்காது, கவனம் மட்டும் நிற்காது. சத்தம் போடாத பிள்ளை என்பதாலேயே யார் கண்ணிலும் படாமல் பத்தாம் வகுப்பு வரை போய்விடுகிறார்கள்.

மருத்துவமனையில் பார்த்த கடற்கரை ஊர்ப் பையன் ஒருவனுடைய கதை நேர் எதிர். அவனுடைய தாளில் எல்லாமே 'மிக அடிக்கடி'. கூடவே, அடுத்த வருஷம் வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகவும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். கண்டிக்க ஆளில்லாத சேட்டை என்பது ஊரார் தீர்ப்பு. அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார். இரண்டு தாள்களாலும் டாக்டருக்கு ஒரு பயனும் இல்லை.

எங்கள் டாக்டர் இன்னொரு தாள் கொடுத்து, வேறு ஆசிரியரிடம் கேட்கச் சொன்னார். தமிழ் ஐயா ஒரு வாரம் வைத்திருந்து நிரப்பினார். ஓரத்தில், "முன் பெஞ்சில் இருந்தால் எழுதுகிறாள், ஜன்னல் பக்கம் இருந்தால் எழுதுவதில்லை" என்று தன் கையால் ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியை வைத்து டாக்டர் எங்களிடம் எவ்வளவு நேரம் பேசினார்! தமிழ் ஐயாவுக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவள்.

தாளை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தி அனுப்புவதும் இல்லை. காது, கண் பார்த்தார்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார்கள், தூக்கம் பற்றி விசாரித்தார்கள். (அதிகாலை டியூஷனுக்குப் பிள்ளைகளை எழுப்பி அனுப்பும் நம் ஊரில் இது முக்கியமான கேள்வி.) சில பிள்ளைகள் சில நொடி வெறித்துப் பார்ப்பது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். கற்றல் குறைபாடும் சேர்ந்தே வரலாம். அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏனென்றால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. பழைய ரேங்க் கார்டுகளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். இரண்டாம் வகுப்பு டீச்சர் எழுதிய 'கவனம் தேவை' என்ற குறிப்பு எங்களுக்கு மிகவும் உதவியது. டாக்டரிடம் போனாலே மாத்திரைதான் என்று பயப்படவும் வேண்டாம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில். பெரிய பிள்ளைகளுக்கும் மருந்து தேவையா என்பதைப் பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பள்ளிக்கே வந்து பார்க்கும் மருத்துவக் குழு கவனிக்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். இவ்வளவு இருந்தும், வகுப்பறையிலிருந்து வர வேண்டிய ஒரு தாள் ஒழுங்காக வராததால் பிள்ளைகளின் மாதங்கள் வீணாகின்றன.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். டாக்டர் தரும் கேள்வித்தாளை வகுப்பாசிரியரும் வேறொரு பாட ஆசிரியரும் தனித்தனியாக, ஒரு வாரம் பிள்ளையைக் கவனித்து நிரப்பட்டும். மூடிய உறையில் பெற்றோர் கையில் கொடுக்கட்டும். அதைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் டி.சி. வாங்கச் சொல்லக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். அடுத்து வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோர்களும் இதைக் கேளுங்கள். எங்கள் பள்ளிக் கூட்டத்தில் நான் எழுத்து மூலமாகக் கொடுக்கப் போகிறேன்.

மகளின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தக்கலை, குமரி மாவட்டம்.