சுந்தா, அந்தத் தட்டைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள சுந்தா,

நலம். அங்கும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். நாலு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டு வரும் என்று பார்த்தால், நீ வேலை கொடுத்திருக்கிறாய்: உயிரிப் பயங்கரவாதம் பற்றி ஒரு மணி நேர வகுப்பு, ஆந்த்ராக்ஸ் படமும் கவச உடைப் படமும் அனுப்பு என்று. படம் அனுப்ப மாட்டேன். அந்த உடையில் நீ நம் வார்டன் மாதிரி இருப்பாய், அவ்வளவுதான் லாபம்.

அதற்குப் பதில் த டால்ஸ் ஊரை எடுத்துக்கொள். அமெரிக்கா, ஓரிகன் மாநிலம், 1984 செப்டம்பர், அக்டோபர். 751 பேருக்கு சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி, 45 பேர் ஆஸ்பத்திரியில், சாவு இல்லை. ரஜனீஷ் (பின்னாளில் ஓஷோ) ஆசிரமத்தார் சிலர் ஓட்டல் சாலட் பார்களில், அதாவது வருகிறவர்கள் தாங்களே சாலட் எடுத்துப் போட்டுக்கொள்ளும் மேசைகளில், கிருமியைக் கலந்தார்கள். நவம்பரில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) தேர்தலன்று உள்ளூர்க்காரன் ஓட்டுச் சாவடிக்கு வராமல் கக்கூஸே கதியென்று கிடக்க வேண்டும் என்று திட்டம், இது ஒத்திகை. வகுப்பெடுக்கிறவர்கள் இங்கே "ஐயோ" வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். எனக்கு எரிச்சல் அதுதான். விஷயமே இதற்கப்புறம்தான் இருக்கிறது.

விசாரித்தவர்கள் சோடை போனவர்கள் இல்லை. நோய் வந்த 10 ஓட்டல்களில் 8-ல் சாலட் பார் உண்டு. ஊரின் மற்ற 28-ல் 3-ல்தான். சரி, சாலட். எந்தப் பண்டம்? ஓர் ஓட்டலில் ஒன்று, அடுத்ததில் வேறொன்று. பொதுவான தண்ணீர் இல்லை, காய்கறி சப்ளையரும் இல்லை. போதாததற்கு, ஓய்கிற மாதிரி இருந்து இரண்டாம் அலை. ஒரே கிருமி, பத்துச் சமையலறை, நடுவில் கோர்க்கிற ஒரு நூல்கூட இல்லை. மண்டை காய்ந்திருக்கும்.

ஊழியர்கள் பலருக்கும் நோய். சாலட் பாரில் ஐஸும் போதவில்லை. கை சுத்தம் சரியில்லை என்று முதலில் முடிவு கட்டினார்கள். நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் ஐஸ் குறைந்தால் இருக்கிற கிருமி பெருகும், இல்லாத கிருமி வந்து சேராது. ஊழியர்களும் அதே சாலட்டைச் சாப்பிடுகிறவர்கள். முதலில் விழுந்தவன் யார் என்று தேதி வாரியாகப் பார்க்காமல் சமையற்காரன் தலையில் போடுவது நம் கல்யாண வீட்டு வழக்கமும்தான்.

ஒரு வருஷம் கழித்து, 1985 செப்டம்பரில், ரஜனீஷே பத்திரிகைக்காரர்களைக் கூட்டித் இது தன் செயலாளர் ஷீலாவின் வேலை என்று பழி சொன்னார். அப்புறம்தான் போலீஸ் ஆசிரமத்து ஆய்வகத்துக்குள் போனது. அங்கே கிடைத்த சால்மோனெல்லாவும் ஊரில் பரவியதும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாக இருந்தன. ஒப்பிட இந்தப் பக்கமும் ஒன்று வேண்டுமில்லையா? நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி பத்திரமாக இருந்தது. இல்லையென்றால் ரஜனீஷ் சொன்னது வெறும் உள்வீட்டுச் சண்டை.

உன் ஆய்வக ஆட்கள் ரிப்போர்ட் அடித்த மறுநாளே கிருமி வளர்த்த பெட்ரி தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் கொன்றுவிடுகிறவர்கள். வகுப்பில் அரை மணி இதற்கே கொடு. மலம் எடுப்பது ஆன்டிபயாட்டிக் முதல் மாத்திரைக்கு முன்னால். ஸ்வாப் (மாதிரி எடுத்த பஞ்சுக் குச்சி) கேரி-பிளேர் ஊடகத்துக்குள், அதாவது வழியில் கிருமியை உயிரோடு வைக்கும் கூழுக்குள், முழுசாக அமிழ வேண்டும், மேலே துருத்தினால் காய்ந்துவிடும். ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி, உறையக் கூடாது. லேபிளில் பென்சில். ஐஸ் உருகி பேனா மை கரைந்து, மூன்று குப்பியும் ஒரே ஊதாத் திட்டாக வந்து சேர்ந்தால் எது யாருடையது?

வளர்ந்தபின், சுத்தமான ஒற்றைக் கிருமிக் காலனியை (தட்டில் வளர்ந்த ஒரு புள்ளியை) நியூட்ரியன்ட் அகார் சரிவில், அதாவது குழாயில் சாய்வாக உறைய வைத்த ஊட்டக் கூழில், எடுத்து, திருகு மூடி இறுக்கி, இருட்டில் வைக்கச் சொல். கிருமியை அடையாளம் காணப் பயன்படும், சர்க்கரை கலந்த டி.எஸ்.ஐ. குழாயிலேயே விட்டுவைப்பார்கள், அது கூடாது: சர்க்கரை புளித்து அமிலமாகி கிருமியே செத்துப்போகும். நீண்ட நாளுக்கு 20 சதவீத கிளிசரால் கலந்த ஊட்டத் திரவத்தில் கிருமி, இரண்டு குப்பி, மைனஸ் 70 டிகிரி, முடிந்தால் வேறு வேறு ஃப்ரீசரில். தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃப்ரீசர் உதவாது. உருகி உறைந்து, உருகி உறைந்து நாசம்.

சந்தேகம் எப்போது வர வேண்டும் என்று கேட்பார்கள். பொதுவான நூல் கிடைக்கவில்லை, ஆனால் கிருமி ஒன்றே. அப்போது. யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். அன்றைக்கே மேலே சொல்ல வேண்டும். மாதிரிக்கு சீல், கொடுத்தவர் வாங்கியவர் கையெழுத்து, மணி. பின்னால் கோர்ட்டில் நிற்பது அந்தக் கையெழுத்துதான்.

எப்படிக் கலந்தார்கள் என்ற விவரத்துக்குள் போகாதே. இந்த ஆய்வு மருத்துவ இதழில் வந்ததே 1997-ல்தான். பார்த்து யாராவது செய்துவிடுவானோ என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் பதின்மூன்று வருஷம் மற்ற ஊர்க்காரர்கள் பாடம் படிக்காமல் இருந்ததும் உண்மை. இதில் நீயும் நானும் சண்டை போடலாம், மொட்டையையும் கூப்பிடு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பதில் எழுதும்போது ஒன்று மட்டும் பார்த்துச் சொல்: உன் ஆய்வக ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா, இல்லை அந்த லைனில் ஏசி மட்டும்தானா?

உன் பழைய ரூம்மேட்