எல்லா சிவப்பும் பரு இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல முகப்பரு பத்தி ஒரு முழுப் பக்கம் வந்துச்சு, நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா 30 வயசுக்கு மேல புதுசா பரு வந்தாலும் ஸ்க்ரப் போட்டு நல்லா தேய்ச்சு கழுவுங்கன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதும் என் கன்னமே ஒரு தடவ எரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா நான் 6 வருஷம் அதத்தான் செஞ்சேன். எனக்கு இருந்தது பருவே இல்ல, ரோசாசியாங்கற நாள்பட்ட தோல் வியாதி.

கன்னம், மூக்கு, தாடைன்னு முகத்தோட நடுப்பகுதியிலதான் வரும். மொதல்ல திடீர் திடீர்னு முகம் சூடாகி சிவக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும், அப்புறம் அடங்கறது நின்னு போய் அந்த சிவப்பு நிரந்தரமா தங்கிடும், அது மேல குட்டி குட்டியா சீழ் வெச்ச கொப்பளம் வேற. பாத்தா பரு மாதிரியேதான் இருக்கும். நான் கடைசியா பாத்த தோல் டாக்டரம்மா லென்ஸ வெச்சு மூக்க சுத்தி சுத்தி பாத்துட்டு "ஒரு கரும்புள்ளி கூட இல்லையேம்மா, பருன்னா இருக்கணுமே"ன்னாங்க. அப்புறம் ஒரு சின்ன கண்ணாடித் துண்ட கன்னத்துல அழுத்தி, எதிர்ல முகம் பாக்கற கண்ணாடிய காட்டினாங்க. அழுத்தின இடத்துல நிறம் சுத்தமா போயிடுச்சு, எடுத்ததும் மெதுவா திரும்பி வந்துச்சு. விரிஞ்ச ரத்தக் குழாய்தான் இதுன்னு புரிய வெக்கத்தான் அப்படி செஞ்சாங்க.

நம்மள மாதிரி மாநிறமோ கருப்போ இருக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. சிவப்பு சிவப்பா தெரியாது, ஒரு மாதிரி மங்கின பழுப்பாவோ ஊதாவாவோதான் தெரியும், அதனால டாக்டருங்க கூட தவற விட்டுடறாங்க. கண்ணால பாத்து கண்டுபிடிக்கறத விட எரியுதா, குத்துதா, சூடா இருக்கா, சாதா சோப்பு கூட ஒத்துக்க மாட்டேங்குதான்னு கேட்டாதான் புடிபடும்.

ஏன் வருதுன்னா ஒரே காரணம்னு சொல்ல முடியாது. குடும்பத்துல இருந்தா வர்ற வாய்ப்பு கூடும். உடம்போட நோய் எதிர்ப்பு தேவையில்லாம கொதிக்குது, கேத்தலிசிடின்னு தோல்ல இருக்கற ஒரு புரதம் அதிகமாகி வீக்கத்த உண்டாக்குதுன்னு சொல்றாங்க. டெமோடெக்ஸ்னு ஒரு நுண்ணுண்ணி எல்லார் முகத்துலயும்தான் இருக்கு, ரோசாசியாக்காரங்களுக்கு அது நிறையவே இருக்கும். வெயில், வெக்கை, சூடா குடிக்கறது, காரம், மது, டென்ஷன், இதெல்லாம் தூண்டி விடும், அவ்வளவுதான், மூல காரணம் இல்ல. அழுக்கால வராது, யாருக்கும் தொத்தாது. எங்க மாமா ஒருத்தருக்கு மூக்கு தடிச்சு முண்டு முண்டா ஆயிடுச்சு, ஆம்பளைங்களுக்குத்தான் அப்படி அதிகமா ஆகும், வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல மனுஷன், ஆனா பாத்தவங்கெல்லாம் குடிகாரன்னே முடிவு கட்டிட்டாங்க.

என்னோட பெரிய தப்பு க்ரீம்தான். தெரிஞ்சவங்க ஒருத்தங்க குடுத்தாங்க, 4 நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு, விட்டா ரெண்டு மடங்கா திரும்பி வந்துச்சு, பயந்து போய் மறுபடி போட்டேன், இப்படியே வருஷக் கணக்கா. அதுல இருந்தது ஸ்டீராய்டு! முகத்துல ஸ்டீராய்டு நீண்ட நாள் போட்டா தோல் மெலிஞ்சு அதுவே ரோசாசியாவ உண்டாக்கும், இருக்கறத மோசமாக்கும். நிறுத்தும்போது ஒரு தடவ பயங்கரமா கிளம்பும், அதனால டாக்டர் துணையோடதான் நிறுத்தணும், தானா முடிவெடுக்காதீங்க.

வைத்தியம் இருக்கு, ஆனா பொறுமை வேணும். கொப்பளத்துக்கு மெட்ரோனிடசோல் ஜெல், அசெலாயிக் ஆசிட், 1% ஐவர்மெக்டின் க்ரீம், இதுல ஒண்ண டாக்டர் குடுப்பாங்க, நல்ல பலன் தெரிய 2, 3 மாசம் கூட ஆகும். அடங்கலன்னா டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை, அதுவும் 40 மில்லிகிராம் மாதிரி கம்மி அளவுல, கிருமிய கொல்ல இல்ல, வீக்கத்த அடக்க (கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஆகாது, மறக்காம சொல்லிடணும்). சிவப்புக்கு பிரிமோனிடின் ஜெல் இருக்கு, சில மணி நேரம் அடக்கும், சிலருக்கு அப்புறம் இன்னும் அதிகமா திரும்பி வரும், எனக்கு வந்துச்சு, விட்டுட்டேன். நூல் நூலா தெரியற ரத்தக் குழாய்க்கு க்ரீம் எதுவும் ஆகாது, லேசர்தான். அதோட தினமும் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு மேல, ஜிங்க் ஆக்சைடு உள்ளதா இருந்தா எரியறது கம்மி.

கண்ண மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க. காலைல எழுந்தா கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், இமை ஓரம் வீங்கும், இதுவும் ரோசாசியாதான், விட்டா கருவிழி வரைக்கும் பாதிக்கும். நான் 2 வருஷம் தூக்கம் பத்தலன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

இது முழுசா போயிடற வியாதி இல்ல, அடக்கி வெக்கலாம், எனக்கு இப்ப அடங்கித்தான் இருக்கு. ஐயா, அடுத்த வாரம் அந்த ஸ்க்ரப் வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. படம் போடறதா இருந்தா வெள்ளைக்காரங்க படம் வேண்டாம், கருப்புத் தோல்ல இது எப்படி தெரியும்னு காட்டற படமா பாத்து போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி