உங்கள் கைவேலைத் தொடக்கப் பெட்டியின் குறிப்புத்தாள், பொருட்கள் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பொருள் தரப் பிரிவு

பொருள்: நகை மற்றும் வீட்டு அலங்காரக் கைவேலைப் பெட்டியில் உள்ள தவறான குறிப்புகளைத் திருத்தவும், பாதுகாப்பற்ற பொருட்களை மாற்றவும், பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். புதியவர்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வகுப்புக்காக உங்கள் தொடக்கப் பெட்டிகளை மொத்தமாக வாங்கினேன். கண்ணாடிப் பதக்கம், தொங்கும் தோடு, ரெசின் கோஸ்டர் (பிசின் போன்ற திரவத்தை வார்த்து இறுக வைத்துச் செய்யும் கோப்பைத் தட்டு), மேக்ரமே (நூலில் முடிச்சுப் போட்டுப் பின்னும்) சுவர்த்தொங்கல் என்று நாலு வேலைகள் ஒரே பெட்டியில் இருந்தது வசதியாகப் பட்டது. பெட்டியும் நேரத்துக்கு வந்தது, பொருட்களும் எண்ணிக்கைப்படி சரியாக இருந்தன. சிக்கல் எல்லாம் அந்தப் பொருட்களிலும் குறிப்புத்தாளிலும்தான். தாளில் சொன்னபடி வரி பிசகாமல் செய்தால் நாலில் ஒன்றுகூட உருப்படியாக வருவதில்லை. அதில் இரண்டு உடம்புக்கே கெடுதல். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடிப் பதக்கம். சின்ன உலோகத் தட்டில் அச்சிட்ட படத்தை ஒட்டி, அதன் மேல் அடி தட்டையான கண்ணாடிக் குமிழை ஒட்ட வேண்டும். அழகான வேலை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றதும்கூட. ஆனால் ஒட்டுவதற்கு நீங்கள் வைத்திருப்பது தாளும் மரமும் ஒட்டுகிற வெள்ளைப் பசை. அதிலுள்ள நீர் வெளியேறினால்தான் அந்தப் பசை காயும். தாளும் மரமும் நீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அங்கே அது நன்றாகப் பிடிக்கும். இங்கே கீழே உலோகம், மேலே கண்ணாடி, நடுவில் நனைந்த ஒரு தாள். நீர் எங்கே போகும்? ஓரத்தில் மட்டும் காய்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. நடுப்பகுதி வெளுத்துக் கலங்கியபடியே நின்றுவிடுகிறது. படமும் நீரில் கரைகிற மையில் அச்சிட்டது. நீலப் பூ ஒன்றைத் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு இதழின் நீலம் கசிந்து, வெள்ளையாக இருக்க வேண்டிய பின்னணி முழுக்கப் பரவிவிட்டது. கண்ணாடிக் குமிழ் உருப்பெருக்கி மாதிரி வேலை செய்வதால் அந்தக் கசிவு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் சங்கிலியில் மாட்டும்போது கண்ணாடி தனியாக வழுக்கி வந்துவிட்டது.

இத்தனைக்கும் குறிப்புத்தாளில் ‘பத்து நிமிடத்தில் அணியலாம்’ என்று இருக்கிறது. கண்ணாடியையும் உலோகத்தையும் ஒட்டுகிற, தெளிவாகக் காய்கிற நகைப் பசைகள் பலவும் முழு வலு பெற ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை எடுக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஒரு சிறு குழாய் நல்ல பசையும், நீரில் கரையாத மையில் அச்சிட்ட படமும் வைத்திருந்தால் போதும், இந்த வேலை எல்லோருக்கும் நன்றாக வந்திருக்கும்.

அடுத்து தோடு. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். செய்து முடித்த அன்றே ஆசையாக மாட்டிக்கொண்டு போன இருவருக்குக் காது மடல் சிவந்து, அரித்து, துளையைச் சுற்றி நீர் கோத்துவிட்டது. பெட்டியில் உலோகத்தைப் பற்றி இருக்கும் ஒரே தகவல் ‘தரமான உலோகக் கலவை’ என்பதுதான். அதை வைத்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் டைமெத்தில்கிளையாக்சிம் என்ற நிக்கல் சோதனைத் திரவத்தை வாங்கி நானே பார்த்தேன். பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு விட்டு, பிரிக்காத ஒரு பெட்டியிலிருந்து எடுத்த, தோட்டைக் காதில் மாட்டுகிற புதுக் கொக்கியில் தேய்த்தேன். சிறிது நேரத்திலேயே பஞ்சு நல்ல இளஞ்சிவப்பாக மாறியது. நிக்கல் வெளியேறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வேறு பெட்டிகளின் கொக்கிகளும் அப்படியே.

நிக்கல் ஒவ்வாமை அரிதான ஒன்றல்ல. உலோகங்களால் வரும் தோல் ஒவ்வாமைகளில் அதிகம் காணப்படுவது அதுதான். ஒருமுறை உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும், கைக்கடிகாரக் கொக்கி பட்டால்கூட அரிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குத்திய துளைக்குள் செல்லும் பாகத்திலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்று விதியே இருக்கிறது. தோலில் நீண்ட நேரம் படுகிற மற்றப் பாகங்களுக்கு அந்த வரம்பு 0.5. நிக்கல் சிக்கல் தராத டைட்டானியம், நியோபியம் போன்ற உலோகக் கொக்கிகள் கிடைக்கின்றன. ஒரு பெட்டிக்கு வேண்டியது சில ஜோடிகள்தான். மணியையும் நூலையும் எவ்வளவு மலிவாக வேண்டுமானாலும் வையுங்கள், காதுக்குள் போகிற கம்பியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அதே தோட்டில் இன்னொரு குறை. தொங்கும் மணியை மாட்டுகிற ஜம்ப் ரிங்குகள், அதாவது ஓரிடத்தில் வெட்டு உள்ள சிறு கம்பி வளையங்கள், தொட்டாலே வளைகிற அளவுக்கு மெல்லியவை. குறிப்புத்தாளின் படத்தில் வளையத்தின் இரண்டு முனைகளையும் இடமும் வலமுமாக இழுத்துப் பிரிப்பதாகக் காட்டியிருக்கிறீர்கள். அப்படிப் பிரித்தால் வட்டம் போய்விடும், திரும்ப மூடினாலும் முனைகள் சேராது, மணி நழுவி விழும். ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருகித்தான் திறக்க வேண்டும். அதற்கு இரண்டு குறடு வேண்டும். பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது.

ரெசின் கோஸ்டரைப் பற்றிச் சொல்வதற்கு முன், பெட்டியின் மேல்மூடியை ஒருமுறை பாருங்கள். ‘8 வயது முதல்’ என்று இருக்கிறது. உள்ளே இருப்பதோ எபாக்சி ரெசினும், அதோடு கலந்து அதை இறுக வைக்கிற ஹார்டனர் திரவமும். காயாத நிலையில் இவை தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். முதல் தடவையே வர வேண்டும் என்றில்லை, பலமுறை பட்டபின் திடீரென்று தொடங்கும், தொடங்கினால் பிறகு விடாது. நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் கையுறை போட வேண்டும், காற்றோட்டமான அறையில் செய்ய வேண்டும், காய்ந்த ரெசினை உரசும்போது தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. இதில் ஒரு சொல்கூடக் குறிப்புத்தாளில் இல்லை, கையுறையும் இல்லை. ‘விரலால் மெதுவாகப் பரப்பிவிடவும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதைப் படித்ததும் வகுப்பில் அந்த வேலையை நிறுத்திவிட்டேன். வீட்டில் தனியாக ஒரு குழந்தை இந்தப் பெட்டியைத் திறந்தால் யார் நிறுத்துவது?

பிறகு கையுறை போட்டு நான் மட்டும் செய்து பார்த்தேன். அளவிலும் குழப்பம். குறிப்புத்தாள் 2:1, அதாவது ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு என்கிறது, கோடு போட்ட கோப்பையும் தருகிறீர்கள். ஆனால் புட்டியின் பின்னால் பொடி எழுத்தில் ‘எடைப்படி 2:1’ என்று இருக்கிறது. ஒரே கொள்ளளவில் ரெசினை விட ஹார்டனர் எடை குறைந்தது, அதனால் எடைக்கணக்கும் கோப்பைக் கணக்கும் ஒன்றாக வராது. கோப்பையில் 2:1 எடுத்தால் ஹார்டனர் குறைந்துபோகும். இரசாயன வினை முழுமையடைய அந்தக் கணக்கு சரியாக இருந்தாக வேண்டும். குறைந்தால் எத்தனை நாள் வைத்தாலும் காயாது. என் கோஸ்டர் இன்னமும் பிசுபிசுவென்று இருக்கிறது, விரல் வைத்தால் ரேகை பதிகிறது.

கடைசியாக மேக்ரமே. நூல் உண்மையிலேயே நல்ல நூல். மூன்று மில்லிமீட்டர் பருத்தி, மிருதுவாக, முறுக்கு அவிழாமல் இருந்தது. ஆனால் நீளம் போதாது. முடிந்த தொங்கல் 40 சென்டிமீட்டர் இருக்கும் என்று படம் காட்டுகிறது. வெட்டித் தந்திருக்கும் நூலோ 160 சென்டிமீட்டர். நெருக்கமாக முடிச்சுப் போடுகிற வேலைக்கு, தொங்கும் ஒவ்வொரு இழையும் முடிந்த நீளத்தைப் போல நாலு மடங்கு வேண்டும் என்பது பழகியவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. நூலைப் பாதியாக மடித்துத்தான் குச்சியில் கட்டுகிறோம், ஆகவே வெட்டும்போது எட்டு மடங்கு. 320 சென்டிமீட்டர் வேண்டிய இடத்தில் பாதியை வைத்து நாலு மடங்கு ஆயிற்று என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். சதுர முடிச்சில் உள்ளே இருக்கும் இரண்டு இழைகள் சும்மா நிற்கும், வெளி இழைகள்தான் சுற்றிச் சுற்றி வந்து தீர்ந்துபோகும். தொங்கல் பாதி வந்தபோது நடு இழைகள் நீளமாகத் தொங்குகின்றன, ஓர இழைகளில் பிடித்து இறுக்கக்கூட நூல் இல்லை. அந்த நிலையில் புது நூல் சேர்த்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். ஆசையாகப் பின்னியதை எல்லோரும் அவிழ்த்தார்கள். அவிழ்த்த நூலும் நெளிந்து போயிருந்தது.

அப்போது வகுப்பில் ஒரு அம்மா, ‘என் கைக்கு இதெல்லாம் வராதுங்க’ என்று நூலைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டார். அவர் கையில் ஒரு குறையும் இல்லை. முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே சீராக இருந்தது. பழகியவர்கள் பசை சரியில்லை, நூல் போதாது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர் பெட்டியைச் சந்தேகப்படமாட்டார், தன்னைத்தான் சந்தேகப்படுவார். அப்படி ஒதுங்கிப் போனவரைத் திரும்ப அழைத்து வருவது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குத் தெரியும். தொடக்கப் பெட்டி விற்கிற உங்களுக்கு இதில் மற்றவர்களை விடக் கூடுதல் பொறுப்பு உண்டு.

இதையெல்லாம் சுருக்கமாக ஏற்கனவே உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். ‘கைவினைப் பொருட்களில் சிறு வேறுபாடுகள் இயல்பு’ என்று பதில் வந்தது. கைவினை செய்கிறவர்கள் நாங்கள். நீங்கள் அனுப்பியது ஆலையில் அடைத்த பெட்டியும் அச்சிட்ட தாளும். எல்லாப் பெட்டியிலும் ஒரே பசை, ஒரே கொக்கி, ஒரே நூல் நீளம், ஒரே தவறான அளவு. இதில் வேறுபாடு எங்கே வந்தது? அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

நான் கேட்பது இவைதான். வாங்கிய எல்லாப் பெட்டிகளுக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். மாற்றுப் பெட்டி வேண்டாம், அதிலும் இதே பொருட்கள்தான் இருக்கும். அதைவிட அவசரம், இருக்கிற பெட்டிகளின் விற்பனையை நிறுத்திவிட்டு, ரெசினைக் குழந்தைகள் பெட்டியிலிருந்து எடுங்கள். ஏற்கனவே வாங்கியவர்களுக்குக் கொக்கியையும் ரெசினையும் பற்றி எச்சரிக்கை அனுப்புங்கள், வாங்கியவர்களின் முகவரி உங்களிடம் இருக்கிறது. கொக்கி எந்த உலோகம் என்பதைப் பெட்டியிலேயே அச்சிடுங்கள், நிக்கல் வெளியீட்டுச் சோதனை செய்திருந்தால் அதன் அறிக்கையை எனக்கு அனுப்புங்கள், செய்யவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். அப்புறம், குறிப்புத்தாளை அச்சுக்கு அனுப்புமுன் இந்த வேலைகளைச் செய்தே பழகாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திருத்திய தாளைப் படித்துப் பார்த்துச் சொல்ல நானும் தயார், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

கசிந்த பதக்கம், இளஞ்சிவப்பான பஞ்சு, காயாத கோஸ்டர், பாதியில் நின்ற தொங்கல் ஆகியவற்றின் படங்களையும், வாங்கிய ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். பிரிக்காத பெட்டி ஒன்றையும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், சோதிக்க வேண்டுமென்றால் அனுப்புகிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் கொடுப்பேன். காது புண்ணான இருவரும் அவரவர் மருத்துவச் சீட்டோடு தனியாக எழுதவிருக்கிறார்கள், அவர்களுக்கும் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: படங்கள், ரசீது நகல், சேவைப் பிரிவின் முந்தைய பதில்