மூன்று விரல்கள்

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், இன்னொரு தரம் எழுத எனக்குத் தெம்பில்லை.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டவர்கள், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், நடுராத்திரியிலும் போனை எடுத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. உங்களில் ஒருவரையும் மறக்க மாட்டேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் வார்டைத் துடைக்க வரும் பெரியவர். அப்பாவின் தலைமாட்டில் நான் வைத்த பந்தயக் குதிரை மக்கைபி திவாவின் படத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் ஐந்து நிமிடம் அப்பாவிடம் குதிரைக் கதை. நோயாளியிடம் பேசும் குரல் இல்லை. மெல்போர்னின் ஃபிளெமிங்டன் குதிரைப் பந்தய மைதானத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசும் குரல்.

இங்கிலாந்தில் குட்டியாக ஏலத்துக்கு வந்தபோது அதை வாங்க ஆளில்லை. போர்ட் லிங்கனில் சூரை மீன் தொழில் செய்த உரிமையாளர், தன்னிடம் வேலை பார்த்த ஐந்து பெண்களின் பெயர்களிலிருந்து இரண்டிரண்டு எழுத்தாக எடுத்து அதற்குப் பெயர் கோத்தார். 2002இல் பெனல்லாவில் முதல் ஓட்டம், நான்காவது இடம். ஒரு ராத்திரிக்கு ஒரு கதை. அப்பா கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்புவார்.

ஒரு நாள் 2003, 2004 மெல்போர்ன் கோப்பைகளைச் சொல்லி முடித்தார். இரண்டாவது வருடம் கொட்டும் மழையில் வென்றதையும் சொன்னார். அப்புறம், "பாவம், அதோடு சரி, மூன்றாவது கிடைக்கவில்லை" என்று பெருமூச்சு விட்டார். போர்வைக்கு மேல் அப்பாவின் இடது கை அசைந்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக, மூன்று விரல்கள் எழுந்தன.

வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னாராம். 2005இல் 58 கிலோ சுமந்து, 3200 மீட்டர் ஓடி, ஜாக்கி கிளென் பாஸ் மேலிருக்க அது மூன்றாம் முறை வென்றதை இந்த ஊரில் யார் மறப்பார்கள்? அப்படிச் சொன்னால் அப்பா பொறுக்க மாட்டார் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லையே! நான் 'அப்பா, அப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

அழுகையில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவருக்கு வேறு தளத்தில் வேலை.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மெல்போர்ன் கோப்பை அன்று, அப்பாவை ஃபிளெமிங்டனுக்குக் கூட்டிப்போவேன், சக்கர நாற்காலியிலாவது. அதற்குள் அந்தப் பெரியவரைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அப்பா இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். மிச்சக் கதையை அவரிடமே கேட்க வேண்டுமாம்.