பாம்பெர்க்கில் பசித்தால்

அன்புள்ள கயல்,

அக்டோபரில் படிக்க ஜெர்மனியின் பாம்பெர்க் போய் இறங்கப் போகிறாய். அறை, வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாவற்றுக்கும் வழி சொல்ல பல்கலைக்கழகத்தில் ஆள் வைத்திருக்கிறார்கள். வயிற்றுக்கு வழி சொல்லத்தான் யாரும் இல்லை, அதை நான் எழுதுகிறேன். எது நல்ல கடை என்று தேடி அலையாதே. 1993-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பழைய ஊருக்குள் தடுக்கி விழுந்தால் ஒரு பழைய கடைதான். எத்தனை மணிக்குப் போகிறாய், எந்த மாதம் போகிறாய், எந்த மேசையில் உட்காருகிறாய், இந்த மூன்றைச் சரியாகப் பிடித்தால் போதும்.

முதலில் மணி. ப்ரூவரியோடு, அதாவது பீர் காய்ச்சும் ஆலையோடு, சேர்ந்த சாப்பாட்டுக் கடைகளில் சூடான சமையல் பெரும்பாலும் பகல் 11.30 முதல் 2 வரை, மாலை 5.30 முதல் 8.30, 9 வரை. மூன்று மணிக்குப் போய் நின்றால் கதவு திறந்திருக்கும், பீர் வரும், சூடான தட்டு வராது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் குளிர்ந்த இறைச்சித் துண்டும் கிடைத்தால் உண்டு. கதவில் 'ரூஹெடாக்' என்று தொங்கினால் அன்று வார விடுமுறை. கடைக்குக் கடை கிழமை மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள். ஞாயிறு பகலில் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பன்னிரண்டுக்கு முன்னால் போனால் இடமும் கிடைக்கும், ஷாய்ஃபெர்லாவும் கிடைக்கும். ஒன்றரைக்குப் போனால் தீர்ந்துபோச்சு என்று கையை விரிப்பார்கள்.

ஷாய்ஃபெர்லா என்றால் குட்டி மண்வாரி. பன்றியின் தோள்பட்டை எலும்பு அந்த வடிவத்தில்தான் இருக்கும். எலும்போடு, தோலோடு, தோலில் கட்டம் கட்டமாகக் கீறி, சீரகம் போலத் தோன்றினாலும் அது இல்லாத 'க்யும்மெல்' என்ற விதையைப் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் அடுப்பில் வாட்டுவார்கள். தட்டு வந்ததும் தோலைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிப் பார். அப்பளம் உடைகிற சத்தம் கேட்க வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் முந்தின நாள் சுட்டு இன்று சூடேற்றியது. குழம்பைத் தோலின் மேல் ஊற்றிக் கொண்டுவந்தாலும் அதே கதிதான், ஊறிப் போய்விடும். தெரிந்த கடையில் குழம்பு அடியில் கிடக்கும், தோல் மேலே காய்ந்து நிற்கும்.

கூடவே ஒரு உருளைக்கிழங்கு உருண்டை வரும், 'க்ளோஸ்' என்று பெயர். அதைக் கத்தியால் அறுக்காதே. அறுத்த பக்கம் மழமழவென்று அடைபட்டுப் போய்க் குழம்பை உறிஞ்சாது. இரண்டு முள்கரண்டியால் பிய்த்துப் போடு. பிய்த்த பக்கம் சொரசொரப்பாக இருக்கும், குழம்பு உள்ளே இறங்கும். நடுவில் வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டு நாலைந்து இருந்தால் கவனமாகச் செய்த க்ளோஸ். பிறகு நீயே செய்ய ஆசைப்பட்டால் கடையில் குளிர்பெட்டியில் தயார் மாவு கிடைக்கும். கையை நனைத்துக்கொண்டு சின்ன ஆரஞ்சு அளவு உருட்டி, உப்புப் போட்ட கொதிநீரில் விட்டு, உடனே தீயைக் குறை. 20 நிமிடம் தண்ணீர் சும்மா நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் உருண்டை கரைந்து கஞ்சியாகிவிடும்.

ஊரின் பெயரிலேயே ஒரு பண்டம் இருக்கிறது: பாம்பெர்கர் ட்ஸ்வீபெல். பெரிய வெங்காயத்தைக் குடைந்து, உள்ளே பன்றிக் கொத்துக்கறி அடைத்து வேகவைத்து, புகை பீர் சேர்த்த குழம்போடும் மசித்த உருளைக்கிழங்கோடும் தருவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே 'வெங்காயம் மிதிப்பவர்கள்' என்று பட்டப்பெயர். தோட்டக்காரர்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு வெங்காயத் தாளை மிதித்துச் சாய்ப்பார்கள், சத்து கிழங்குக்கு இறங்கட்டும் என்று. ஊரில் தோட்டக்காரர் பகுதி இன்னும் இருக்கிறது, மிட்டெல்ஷ்ட்ராஸ தெருவில் அதற்கென ஒரு அருங்காட்சியகமே உண்டு. பாம்பெர்கர் ஹோர்ன்லா என்று கேட்டால் மட்டும் எங்கே கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது. பேக்கரியில் வெண்ணெய் தளும்பும் பிறைவடிவ ரொட்டி, சந்தையில் விரல் போல வளைந்த உருளைக்கிழங்கு.

பெயரை நம்பி ஏமாறும் இடம் இன்னும் இரண்டு. 'ட்ஸ்வெட்ஷ்கென்பாமெஸ்', பெயரில் பிளம் மரம், தட்டில் வருவது புகையில் உலர்த்திய மாட்டிறைச்சி. வெட்டுமுகம் பிளம் மரக்கட்டை நிறத்தில் இருப்பதால் வந்த பெயர். 'ப்ளாவ ட்ஸிப்ஃபெல்', அதாவது நீல முனைகள்: பச்சைத் தொத்திறைச்சியை வினிகரும் வெங்காயமும் போட்ட சாற்றில் கொதிக்கவிடாமல் வேகவைப்பது. புளிப்பு பிடிக்கும் நம் நாக்குக்கு அந்த ஊரில் முதல் நாளே ஒத்துப்போவது இதுதான். சாற்றை மிச்சம் வைக்காதே, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடு.

உன்னோடு வருகிற தோழி சைவம் என்றாயே, அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. 'க்ளோஸ் மிட் ஸோஸ்' என்று பட்டியலில் மலிவாக இருக்கும், உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும்தானே என்று தோன்றும். குழம்பு பன்றி வறுத்த சட்டியிலிருந்து வந்தது. புளித்த முட்டைக்கோஸில் பெரும்பாலும் பன்றித் துண்டு கிடக்கும். சிவப்பு முட்டைக்கோஸில் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அந்தப் பக்கத்து உருளைக்கிழங்கு சாலட் இறைச்சிச் சாற்றில் ஊறியது. ஆக, 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் மட்டும் போதாது, சாறும் கொழுப்பும் கூட இல்லையா என்று தனியாகக் கேட்க வேண்டும். துணிந்து கேட்கக்கூடியவை: பாலாடைக்கட்டி போட்ட 'கேஸ்ஷ்பெட்ஸ்ல', வெங்காயம் கலந்த தயிர்க்கட்டி 'ட்ஸீபெலெஸ்கேஸ்', பிசைந்த பாலாடைக்கட்டியில் மிளகாய்த்தூள் கலந்த 'கெருப்ஃப்டர்'. மூன்றும் ரொட்டியோடு வயிறு நிறைக்கும்.

இனி பீர். குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம், நான் கண்காணிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஊரில் இருந்துகொண்டு ரௌஹ்பியர், அதாவது புகை பீர், என்னவென்று தெரியாமல் திரும்பாதே.

முளைவிட்ட பார்லியைக் காயவைக்க ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் விறகுத் தீதான். புகை தானியத்தில் ஏறும், எல்லா பீரிலும் கொஞ்சம் புகை மணக்கும். பிறகு புகை படாமல் சூடான காற்றை மட்டும் அனுப்பும் உலைகள் வந்தன, ஊர் ஊராகப் புகை பீர் மறைந்தது. பாம்பெர்க்கில் இரண்டு வீடுகள் மட்டும் விடவில்லை. ஒன்று 1405-ல் முதன்முதலாகக் குறிப்பிடப்படும் ஷ்லெங்கர்லா, கதீட்ரல் குன்றுக்குக் கீழே டொமினிகானர்ஷ்ட்ராஸ தெருவில். மற்றது 1536-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் ஷ்பெட்சியால், ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்து வரும் வழியில். இரண்டும் இன்றும் பீச் மர விறகு மூட்டித் தங்கள் மால்ட்டை, அந்த முளைவிட்ட பார்லியை, தாங்களே புகையில் உலர்த்துகின்றன.

ஷ்லெங்கர்லாவின் மேர்ட்ஸன் பீர் கறுத்த பழுப்பு நிறம், ஆல்கஹால் 5.1 சதவீதம். மரப்பீப்பாயில் குழாயை அடித்து இறக்கி, வாயு எதுவும் செலுத்தாமல் தானாக வழியவிடுவார்கள். அதனால் குமிழி குறைவு, வயிறு உப்பாது. முதல் வாயில் பீர் தெரியாது, விறகடுப்பில் தொங்கவிட்ட இறைச்சிதான் தெரியும். பெரும்பாலோர் அங்கேயே கோப்பையை வைத்துவிட்டு முகம் சுளிப்பார்கள், அதுதான் தப்பு. மூக்கு ஒரே மணத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். பாதிக் கோப்பை தாண்டினால் புகை பின்னால் போய் மால்ட்டின் இனிப்பு முன்னால் வரும். மூன்றாவது கோப்பையில்தான் ருசி என்று உள்ளூரில் சொல்வார்கள். மூன்று கோப்பை என்பது ஒன்றரை லிட்டர், அந்தக் கணக்கில் உனக்கு ருசி தெரியவே வேண்டாம். ஒன்றை இருவர் பகிர்ந்து, கொழுப்பான சாப்பாட்டோடு மெதுவாகக் குடித்தாலே புரிந்துவிடும். எனக்குக் கேட்டால் ஷ்பெட்சியாலில் தொடங்கு என்பேன். அங்கே புகை மெல்லிசு, பீர் அவ்வளவு கறுப்பில்லை, கூட்டமும் குறைவு. அடுத்த முறை ஷ்லெங்கர்லா.

கேட்கும்போது 'ஸைட்லா' என்று கேள், அரை லிட்டர். கடைசியாக இன்னும் கொஞ்சம் மட்டும் வேண்டுமென்றால் 'ஷ்னிட்'. குழாயை முழுக்கத் திறந்து விறுவிறுவென ஊற்றுவது, பாதி நுரை, விலையும் குறைவு. அதைக் கேட்டால் நீ கிளம்பப் போகிறாய் என்று அர்த்தம்.

மற்றவை சுருக்கமாக. ஷ்பெட்சியாலுக்கு நேர் எதிரே ஃபெஸ்லா, 1649-ல் தொடங்கியது. புகை வேண்டாதவர்கள் தெருவைக் கடந்தால் போதும். அதன் பாம்பெர்காட்டர் பீர் 8.5 சதவீதம், பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஸைட்லா கணக்கில் குடித்து மாட்டிக்கொள்ளாதே. ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே வுண்டர்புர்க் பகுதியில் மார்ஸ் ப்ராய். அங்கே 'அ ஊ' என்று இரண்டே எழுத்தில் கேட்டால் போதும். ஊ என்றால் உன்கெஷ்புண்டெட், பீர் முதிரும்போது அடைப்பானை இறுக்காமல் விட்டு வாயுவைப் போகவிட்டது, கலங்கலாக, மென்மையாக இருக்கும். பக்கத்திலேயே கீஸ்மான், அங்கே பில்ஸ் என்ற வெளிர் பீர். பீர் வேண்டாம் என்றால் யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள். ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்ல' கேள். குழாய்த் தண்ணீர் மட்டும் கேட்காதே, நம் ஊர் போல மேசைக்குத் தானாக வராது, கேட்பதும் அங்கே அவ்வளவு வழக்கமில்லை.

குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினால் ஒன்றுமில்லை என்று மாணவர்கள் சொல்வார்கள். இரத்தத்தில் ஆல்கஹால் 1.6 ப்ரோமில்லுக்கு (ஆயிரத்துக்கு 1.6 பங்கு) மேல் போனால் சைக்கிளுக்கும் குற்ற வழக்குதான். விபத்து நடந்தால் 0.3-லேயே சிக்கல். அன்று நடந்து போ, ஊர் அவ்வளவு பெரிதில்லை.

மேசை விஷயம். உள்ளே போனதும் யாரும் வந்து இடம் காட்டமாட்டார்கள். நீளமான மேசையில் நாலு பேர் இருந்து இரண்டு இடம் காலியாக இருந்தால் 'இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?' (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டு உட்காரலாம், அது மரியாதைக் குறைவில்லை. 'ஷ்டம்டிஷ்' என்று பலகை வைத்த மேசை மட்டும் வேண்டாம், கடையே காலியாக இருந்தாலும் அது வாடிக்கைக்காரர்களின் இடம். 'ரிஸர்வியர்ட்' என்று நேரத்தோடு எழுதியிருந்தால் அந்த நேரம் வரை உட்காரலாமா என்று கேள், பெரும்பாலும் சரி என்பார்கள். வருபவர் மேசையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினால் அது வணக்கம். நீயும் கிளம்பும்போது தட்டு.

கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையில் ஒவ்வொரு பீருக்கும் ஒரு கோடு போடுவார்கள். அதுதான் உன் பில். அதைக் கிழித்து விளையாடாதே, தொலைக்காதே. கூடையில் ரொட்டி இருந்தால் எடுத்த எண்ணிக்கைக்குக் காசு உண்டு. பணம் கேட்கும்போது சேர்த்தா, தனித்தனியா என்பார்கள்: 'ட்ஸுஸாமன் ஓடர் கெட்ரென்ட்?' நாலு பேர் போனாலும் தனித்தனியாகக் கூசாமல் கொடுக்கலாம். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வரும் பழக்கம் அங்கே இல்லை. 18.40 என்றால் 20 யூரோவைக் கொடுத்து 'ஷ்டிம்ட் ஸோ' என்றால் மிச்சம் உங்களுக்கு என்று பொருள். 5 முதல் 10 சதவீதம் தாராளம். கையில் ரொக்கம் வைத்துக்கொள். பழைய கடைகள் பலவற்றில் கார்டு செல்லாது.

நீ போகும் மாதம் கெண்டை மீனுக்கு நல்ல காலம். பெயரில் 'ர்' வரும் மாதங்களில்தான், செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, கெண்டை போடுவார்கள். இலையுதிர் காலத்தில் குளங்களை வடித்து மீனைப் பிடித்து, சேற்று வாடை போக நல்ல தண்ணீரில் விட்டு வைத்த பிறகே விற்பனை. தலையிலிருந்து வால் வரை நெடுக்காகப் பிளந்து, மாவில் புரட்டிப் பாதி மீனை முழுசாகப் பொரித்துத் தருவார்கள். வயிற்றுப் பக்க விலா முள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். முதுகிலும் வாலிலும் கவட்டை போல இரண்டாகப் பிரிந்த சின்ன முள் ஒளிந்திருக்கும், அங்கே பேச்சு வேண்டாம். செதில்துடுப்பு முறுக்கு மாதிரி மொறுமொறுவென்றிருக்கும், ஒதுக்கிவிடாதே.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள், அதையொட்டி கூஸ் என்ற பெரிய வாத்து வறுவல், முன்பதிவு இல்லாமல் கிடைக்காது. வசந்தத்தில் வெள்ளை ஆஸ்பராகஸ், ஜூன் 24-ஓடு நிறுத்திவிடுவார்கள், செடி மறுவருடத்துக்குத் தேறட்டும் என்று.

மே மாதம் வெயில் வந்ததும் 'கெல்லர்' திறக்கும். பாதாள அறை என்று நினைத்துக் கீழே தேடாதே, மேலே ஏற வேண்டும். குன்றைக் குடைந்து பீரைக் குளிர வைத்தார்கள், அதன் தலைமேல் நிழலுக்கு மரம் வைத்தார்கள், அந்த மரத்தடி பெஞ்சுதான் இப்போது கெல்லர். உள்ளூரில் கெல்லருக்கு 'உள்ளே' போவதில்லை, 'மேலே'தான் போவார்கள். ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றில் ஷ்பெட்சியால் கெல்லர் இருக்கிறது. கதீட்ரல் கோபுரங்கள் நேர் எதிரே தெரியும் மேசைகள் மாலை ஆறுக்குள் நிரம்பிவிடும். பீரை நீயே வரிசையில் நின்று வாங்க வேண்டும். சில கெல்லர்களில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்கினால் போதும். எல்லா இடத்திலும் இல்லை, கேட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரி. மழை தூறினால் பல கெல்லர்களைத் திறக்கவே மாட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஸாண்ட்கெர்வா திருவிழா, அந்த நாட்களில் ஸாண்ட் தெருப் பக்கம் சாப்பிட உட்காரலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

தினசரிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. வார நாள் பகலுக்கு மென்சா என்ற பல்கலைக்கழக உணவகம் இருக்கிறது. காய்கறிக்கு க்ருய்னர் மார்க்ட் சந்தை. பீர், தண்ணீர் பாட்டில்களுக்கு முன்பணம் பிடிப்பார்கள்: சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் 25 சென்ட். குப்பையில் போடாமல் சேர்த்து வைத்துக் கடை இயந்திரத்தில் கொடு.

பாம்பெர்க் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கடைகள் இரவு 8 மணிக்கு அடைத்துவிடும், ஞாயிறு முழுக்க மூடல். டிசம்பர் 24 பிற்பகலோடு எல்லாம் அடைபட்டுவிடும், 25, 26 இரண்டும் விடுமுறை, சாப்பாட்டுக் கடைகளிலும் பாதி திறக்காது. 23-ஆம் தேதியே மூன்று நாளைக்கு அரிசி, பருப்பு, தயிர், வெங்காயம் வாங்கி வைத்துவிடு.

அன்புடன்,
அம்மா