பெயரன்

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை இரவு

அன்புள்ள சவரிமுத்து,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேரன் பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தாயும் பிள்ளையும் நலமாயிருப்பதில் மிகுந்த நிம்மதி. இங்கே என் முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது, படியேறுகிறேன். சனிக்கிழமைதோறும் ஓய்வுபெற்ற ஒரு குருவானவரிடம் கிரேக்கம் படிக்கப் போவதை மட்டும் விடவில்லை.

கடிதத்தின் கடைசிப் பகுதிதான் மனத்தை உறுத்தியது. பிள்ளைக்கு ஜேக்கப் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அப்பாவின் பெயரான சந்தியாகு உன் வீட்டில் இனி யாருக்கும் இல்லை என்று எழுதியிருந்தாய். சவரிமுத்து, உன் மகன் தெரிந்து வைத்தானோ தெரியாமல் வைத்தானோ, தன் தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறான். ஜேக்கப்பும் சந்தியாகும் ஒரே பெயர்.

எபிரேயத்தில் அது யாக்கோவ், நம் தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு. இஸ்ரவேலரின் முற்பிதாவான யாக்கோபு இரட்டையரில் இளையவன்; அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தான் என்கிறது வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம். குதிகாலுக்கு எபிரேயச் சொல் ஆக்கேவ். பின்னால் தகப்பனின் ஆசீர்வாதத்தைத் தம்பியிடம் இழந்த ஏசா, அவனுக்குப் பெயர் பொருத்தமாகத்தான் இட்டார்கள், இரண்டு முறை என்னை ஏமாற்றினானே என்று கதறுகிறான். அறிஞர்கள் வேறொரு பொருளும் சொல்கிறார்கள். ‘கடவுள் காப்பாராக’ என்னும் நீண்ட பெயரின் சுருக்கம் இது என்பது அவர்கள் கருத்து. எகிப்தை ஹிக்சோஸ் என்னும் அந்நியர் ஆண்ட காலத்து வண்டு வடிவ முத்திரைகளில் யாகுப்-ஹர் என்ற அரசனின் பெயர் கிடைத்திருப்பதால், இந்த வகைப் பெயர்கள் அந்தப் பக்கத்தில் வெகு பழையவை என்று தெரிகிறது. எனக்கு இரண்டாவது பொருள்தான் பிடித்திருக்கிறது. குழந்தையைத் தொட்டிலில் இடும்போது ஒரு தாய் சொல்லக்கூடிய சொல் அதுதானே.

எபிரேய வேதாகமம் முழுவதிலும் அந்த முற்பிதாவைத் தவிர இந்தப் பெயரை அப்படியே தாங்கியவர் வேறு ஒருவரும் இல்லை. புதிய ஏற்பாட்டைத் திறந்தால் திரும்பிய பக்கமெல்லாம் யாக்கோபு! இடையில் அந்நியர் ஆட்சியில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் முன்னோரின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடத் தொடங்கியிருந்தார்கள். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் நாசரேத்து ஊரார் இயேசுவின் சகோதரர்களை யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று எண்ணுகிறார்கள். ‘சகோதரர்’ என்பதற்கு உங்கள் சபை ஒரு பொருளும் எங்கள் சபை ஒரு பொருளும் சொல்லும். அதற்குள் நாம் போக வேண்டாம். அந்த நான்கு பெயர்களையும் பார் (யோசே என்பது யோசேப்பு, சீமோன் என்பது சிமியோன்). முற்பிதாவும் அவருடைய பிள்ளைகளில் மூவரும் ஒரு தச்சனின் வீட்டு வாசலில் வந்து நிற்பது போலில்லையா?

இன்னொன்று. மத்தேயுவின் வம்ச அட்டவணையில் மரியாளின் கணவர் யோசேப்பின் தகப்பன் பெயரும் யாக்கோபு (லூக்கா மட்டும் ஏலி என்கிறார்). மத்தேயு சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் பாட்டனின் பெயர் அடுத்த தலைமுறைக்கும் அடுத்த தலைமுறையில் மீண்டும் வந்திருக்கிறது. நம் ஊரிலும் பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே பெயரன் என்றார்கள், அதுவே பேரன் ஆயிற்று.

பெயர் பெருகியதும் அடையாளம் சொல்ல அடைமொழி தேவைப்பட்டது. இயேசுவின் பன்னிரு சீடரிலேயே இரண்டு யாக்கோபு: செபதேயுவின் மகன், அல்பேயுவின் மகன். சிலுவையருகே நின்ற மரியாளின் மகன் ‘சின்ன யாக்கோபு’. அந்தக் கிரேக்கச் சொல் உருவத்தில் சிறியவரையும் குறிக்கும், வயதில் இளையவரையும் குறிக்கும். செபதேயுவின் மகனைத்தான் ஏரோது அகிரிப்பா அரசன் வாளால் கொன்றான். எருசலேம் சபையை நடத்திய, ஆண்டவரின் சகோதரர் எனப்பட்ட யாக்கோபு வேறு. கி.பி. 62-இல், ஒரு ரோமானிய ஆளுநர் இறந்து அடுத்தவர் வந்து சேராத இடைவெளியில், பிரதான ஆசாரியன் அனனு அவரைக் கல்லெறிந்து கொல்லும்படி ஒப்புக்கொடுத்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபு எழுதியிருக்கிறார். அது அநியாயம் என்று யூதர்களே முறையிட, மூன்றே மாதத்தில் அனனுவின் பதவி போயிற்று. எனக்கு இந்த யாக்கோபின்மேல் தனிப் பற்று.

கிரேக்கத்தில் படித்தபோதுதான் ஒரு நுட்பம் புரிந்தது. முற்பிதாவைச் சொல்லும்போது இயாக்கோப் என்று விகுதி இல்லாமல் எழுதுகிறார்கள். எந்த வேற்றுமையிலும் அது மாறாது. தங்கள் காலத்து மனிதர்களைச் சொல்லும்போது இயாக்கோபோஸ். அந்த விகுதி வேற்றுமைக்கு வேற்றுமை மாறும். பெயர் கிரேக்கத் தெருவில் நடமாடப் பழகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

அங்கிருந்து லத்தீனில் இயாக்கோபுஸ், பேச்சில் இயாக்கோமுஸ் என்றும் ஒரு வடிவம். இரண்டாவதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தின் ஜேம்ஸ் வந்தது. அதனால் ஆங்கில வேதாகமத்தில் முற்பிதா ஜேக்கப், அப்போஸ்தலர் ஜேம்ஸ் என்று பிரிந்துவிட்டார்கள். இது எவ்வளவு பெரிய இழப்பு! புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் என்னும் கடிதம் சிதறியிருக்கும் பன்னிரண்டு கோத்திரங்களுக்கு எழுதப்பட்டது. பன்னிரண்டு கோத்திரங்களின் தகப்பன் யார்? யாக்கோபு. தகப்பனின் பெயரைத் தாங்கியவர் பிள்ளைகளுக்கு எழுதுகிறார். தமிழில் முதல் வரியிலேயே இது காதில் விழுகிறது. ஜேம்ஸ் என்று படிப்பவருக்கு விழாது.

இனி உன் அப்பாவிடம் வருகிறேன். ஸ்பெயின் பக்கத்தில் இயாக்கோபுஸ் தேய்ந்து இயாகோ ஆனது. முன்னால் ‘புனித’ என்பதற்கான சொல் சேர்ந்து, சாந்தியாகோ. செபதேயுவின் மகனுடைய கல்லறை அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில் இன்றும் மக்கள் நடந்து போகும் கோவில் அந்தப் பெயரில்தான் உள்ளது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அதே பெயர் நம் கடற்கரையில் இறங்கிச் சந்தியாகு, சந்தியாகப்பர் ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் அவரைச் சந்தியோகுமையோர் என்பார்கள். ‘மையோர்’ என்றால் பெரியவர். மற்ற யாக்கோபு சின்னவர் அல்லவா!

ஆகவே உன் அப்பா பெயரின் முதல் பகுதி ‘புனித’, மீதி யாக்கோபு. நீ உன் பேரனை வீட்டில் சந்தியாகு என்றே கூப்பிடு; பிழையே இல்லை. இந்தக் கடிதத்தை உன் மகனிடமும் காட்டு.

திருமுழுக்கு நாளைக் குறித்ததும் எழுது. காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். உன் அப்பாவின் பழைய படம் ஒன்று, நாம் மூவரும் படகருகே நிற்பது, என்னிடம் இருக்கிறது. சட்டம் போட்டுக் கொண்டுவருகிறேன்.

என்றும் உன்,
தேவசகாயம்